சந்தன மரத்துக்கு ஒரு சட்டம், போர்வெல்லுக்கு ஒரு சட்டம்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பட்டா கையில் இருந்தால் நிலம் நம்முடையது என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அதில் நிற்கும் மரம், அடியில் ஓடும் தண்ணீர், அதற்கும் கீழே கிடக்கும் பாறை என ஒவ்வொன்றுக்கும் சட்டம் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது.

சந்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் வனச் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றீர்கள். சந்தோஷம். ஆனால் வெட்டுவது வனத்துறை, கிடங்குக்கு ஏற்றுவது வனத்துறை, ஏலம் விடுவதும் வனத்துறை. பிடித்தம் போக மீதிதான் எங்களுக்கு. சந்தனக் கன்று தனியாக வளராது; பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சித்தான் பிழைக்கும். அதனால் துவரையும் அகத்தியும் சேர்த்தே நட வேண்டும். வைரம் பாய பதினைந்து, இருபது வருடம் ஆகும். அத்தனை காலமும் ராத்திரிக் காவல் எங்கள் தலையில். கடைசியில் கோடரி மட்டும் அரசாங்கத்தின் கையில். இதைப் பார்த்தபின் யார் நடுவார்கள்?

தண்ணீர் கதை நேர்த் தலைகீழ். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி தன் நிலத்துக்கு அடியில் ஊறுவதை நிலத்துக்காரர் இறைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஆயிரம் அடிக்கு போர் போட்டால் பக்கத்துக் கிணறு வற்றும். நிலத்தடி நீருக்குப் புல எண் தெரியாது. 2003-ல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் போட்டீர்கள். அது நடைமுறைக்கு வராமலே கிடந்து 2013-ல் ரத்தானது. (இலவச மின்சாரத்தில் கைவைக்கச் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் ஊரிலேயே என்னை விடமாட்டார்கள்.)

கல், கிராவல் விஷயத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. கேரள வழக்கு ஒன்றில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நிலத்தடிக் கனிமம் நிலத்துக்காரருக்கே என்று சொன்னது. சரி, அதற்காக அனுமதியில்லாமல் குவாரி தோண்டலாமா? கூடாது. வெடி வைத்தால் அடுத்த வீட்டுச் சுவர் அல்லவா விரிசல் விடுகிறது.

அளவுகோல் அதுதான். பக்கத்துக்காரரைப் பாதிக்கும் தண்ணீருக்கும் குவாரிக்கும் கட்டுப்பாடு வையுங்கள். யாரையும் பாதிக்காத, நாங்களே நட்ட மரத்தை விட்டுவிடுங்கள். நட்டதுமே சந்தனத்தை அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், ஏற்றி, அந்தப் பதிவை வைத்தே நாங்கள் வெட்டி விற்கும்படி விதியை மாற்றுங்கள். ஃபிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வாரியாக நீர்மட்டக் கணக்கு அரசிடமே இருக்கிறது. வற்றிப்போன ஃபிர்காக்களில் புது போருக்கு ஆழ வரம்பும் இடைவெளியும் வைத்து ஒரு சட்டம் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டாதாரர்