எழுதிக் கொடுக்காதீர்கள், பேச விடுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் காலைக் கூட்டத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நூலகத்தைப் பற்றிப் பேச வந்தாள். முதல் நான்கு வரிகளை மடமடவென்று சொன்னாள். ஐந்தாவது வரியில் நின்றுவிட்டது. உதடு அசைகிறது, குரல் வரவில்லை. சீருடையின் ஓரத்தை விரலில் சுருட்டிக்கொண்டே நின்றாள். நான் பக்கத்தில் போய், "சரி, எழுதினது போகட்டும். கடைசியா என்ன புத்தகம் எடுத்தே?" என்று கேட்டேன். எடுத்த கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் கிழிந்திருந்ததாம். முடிவு தெரியாமல் தூக்கம் வராததால், மூன்று விதமாகத் தானே முடித்துப் பார்த்தாளாம். அதைச் சொல்லச் சொல்ல, பின்வரிசைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள்.

அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு நிமிடம் பேசப் போகிறது. தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைக்காதீர்கள். மனப்பாடத்தில் ஒரு சொல் நழுவினால் பின்னால் வருவது எல்லாமே போய்விடும். முதல் வாக்கியத்தை மட்டும் நன்றாகப் பழகட்டும். மற்றதற்கு ஒரு துண்டுச் சீட்டில் மூன்று குறிப்புகள் போதும்.

இரண்டு நிமிடத்தில் என்ன பேசிவிட முடியும் என்று சிலர் கேட்டீர்கள். 1863-இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் அதிபர் ஆபிரகாம் லிங்கன் பேசியது ஏறத்தாழ 270 சொற்கள்தான். அவருக்கு முன்னால் எட்வர்ட் எவரெட் என்ற பேர்பெற்ற பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். மறுநாள் லிங்கனின் பேச்சைப் பாராட்டி அந்த எவரெட்டே கடிதம் எழுதினார்.

மேடையில் நெஞ்சு படபடப்பதும் வாய் உலர்வதும் அட்ரினலின் என்ற ஹார்மோன் உடலில் சுரப்பதால் வருவது. "பயப்படாதே" என்று சொன்னால் அது அடங்காது. மூச்சை இழுத்ததைவிட மெதுவாக, நீளமாக விடச் சொல்லுங்கள். துடிப்பு கொஞ்சம் தணியும்.

உண்மையான பயிற்சி வீட்டில்தான் நடக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து ஒன்றைக் கண்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுத்தார்கள். மூன்று வினாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். எங்கள் ஆசிரியர்களும் இப்போது அப்படிக் காத்திருந்து பார்க்கிறார்கள். மூன்று வினாடி எவ்வளவு நீளம் என்பது மௌனமாக நிற்கும்போதுதான் தெரிகிறது!

வீட்டிலும் இதைச் செய்யுங்கள். விருந்தினர் பிள்ளையிடம் "என்ன படிக்கிறே?" என்று கேட்டால் நாம் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறோம். என் மகன் சிறுவனாக இருந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். அவன் பதில் சொல்வதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டான். அதை மாற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அப்புறம், பிள்ளை பேசும்போது கைப்பேசியைக் கீழே வையுங்கள். பாதியில் திருத்த வேண்டாம், முடிக்கட்டும். கோபத்திலும் "நீ எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லாமல், அன்று நடந்ததை மட்டும் பேசுங்கள். அவர்கள் நண்பர்களிடம் சண்டை போடும்போது அதே நடையில்தான் பேசுவார்கள்.

பேச்சைக் கேட்க வரும் பெற்றோர் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் உட்காருங்கள். உங்கள் பிள்ளை நடுவில் நின்றுவிட்டால் வாயசைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். நாங்களும் சொல்ல மாட்டோம், காத்திருப்போம். அந்த ஏழாம் வகுப்பு மாணவி மறுபடியும் பேசக் கேட்டிருக்கிறாள். முதல் திங்கட்கிழமை அவள்தான் தொடங்குகிறாள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்