பதினொரு சில்லு வெளிச்சம்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. உன் ஊர் வீட்டுக்கு எந்தக் குமிழ் போடலாம் என்று கேட்டிருந்தாய். நல்ல நேரத்தில்தான் கேட்டாய்.

போன கிழமை என் மேசை எல்.இ.டி. குமிழ் அணைந்துவிட்டது. இரண்டு வருட உத்தரவாதம் என்று விற்றார்கள்; ஏழு மாதம்கூட எரியவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வட்டத் தகட்டில் பன்னிரண்டு மஞ்சள் சதுரங்கள். ஒன்றின் நடுவில் மட்டும் குண்டூசித் தலையளவு கரும்புள்ளி. எல்லாம் ஒரே தொடரில் இருப்பதால் அது செத்ததும் மற்றப் பதினொன்றும் இருண்டுவிட்டன.

அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் சில்லு, அதாவது ஒளி தரும் சிறு ‘சிப்’, நீல ஒளியைத்தான் தருகிறது. மேற்பூச்சு அதில் ஒரு பங்கை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பிரகாசமான அந்த நீலச் சில்லை நகமுரா என்ற பொறியியலாளர் ஜப்பானில் 1993இல் வெளியிட்டபோது நாங்கள் இருவரும் ஜாம் போத்தல் மண்ணெண்ணெய் விளக்கடியில் படித்துக்கொண்டிருந்தோம், நினைவிருக்கிறதா? விடியும்போது மூக்குத் துவாரம் இரண்டும் கரி! அகசாகி, அமானோ ஆகியோரோடு அவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெளிச்சத்தை அளப்பது லுமென்; தின்னும் மின்சாரத்தை அளப்பது வாற்று. 1996இல் வந்த முதல் வெள்ளை எல்.இ.டி. வாற்றுக்கு ஏறக்குறைய 5 லுமென்தான் தந்தது. பழைய இழைக் குமிழே 15 வரை தரும். இன்று நல்ல கடைக் குமிழ் 100 தருகிறது. ஆய்வுகூடத்தில் கிரீ நிறுவனம் 2014இலேயே 300ஐத் தாண்டியது.

அப்படியிருக்க என்னுடையது ஏன் செத்தது? கஞ்சத்தனம்தான். சில்லுகளைக் குறைத்து, இருப்பவற்றைப் பிழிந்து வேலை வாங்குகிறார்கள். மின்னோட்டத்தை இரட்டித்தால் வெளிச்சம் இரட்டிப்பதில்லை. மிச்சம் சூடாகப் போகிறது. அந்தச் சூடே சில்லைத் தின்கிறது. துபாய்க்கென்று பிலிப்ஸ் செய்த குமிழ் வாற்றுக்கு 200 லுமென் தருவது இதைத் தலைகீழாக்கித்தான்: சில்லு அதிகம், ஓட்டம் குறைவு.

ஆகவே பெட்டியில் வாற்றை மட்டும் பார்க்காதே. லுமெனை வாற்றால் பிரித்துப் பார். லுமெனே போடாத பெட்டியைத் தொடாதே. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய் அறைகளை எண்ணி எழுதுகிறேன்.

செத்த சில்லின் இரு முனைகளையும் ஈயப்பற்று வைத்து இணைத்துவிட்டேன். நெடுநாள் நில்லாது என்பது எனக்கே தெரியும். வீட்டுக்காரியும் அதையே சொல்லித் திட்டுகிறாள். ஆனாலும் இந்தக் கடிதம் அந்தப் பதினொன்றின் வெளிச்சத்தில்தான் எழுதப்படுகிறது.

உன் பழைய
வாங்குத் தோழன்