சிபோராவின் உயர்ந்த மரங்களை விட்டுவையுங்கள்: இந்தோனேசிய வனத்துறை அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அலுவலர்களுக்கும்,

வணக்கம். சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், மெந்தாவாய்த் தீவுக்கூட்டத்தில் இருக்கும் சிபோராவுக்காக எழுதுகிறேன். அங்கே 20,000 ஹெக்டேருக்கும் மேலான காட்டை மரவெட்டுக்குக் கொடுக்கும் திட்டத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. தீவின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர்தான். கேட்கப்படுவது அதில் மூன்றில் ஒரு பங்கு.

அந்தக் காட்டில் ஒரு சின்னஞ்சிறு பறக்கும் அணில் வாழ்கிறது. 1940-இல் சேசன் என்ற விலங்கியலாளர் அதற்கு ஹைலோபெட்டஸ் சிபோரா என்று பெயரிட்டார். உலகில் வேறெங்கும் அது இல்லை. அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

பறக்கும் அணில் என்று சொல்கிறோமே தவிர, அது பறப்பதில்லை. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையிலுள்ள தோலைப் பாய்போல விரித்து, வாலைச் சுக்கானாக்கி, இருட்டில் சறுக்கி இறங்குகிறது. காற்றில் மேலே ஏற அதனால் முடியாது. ஒரு மரத்தின் உச்சியிலிருந்து பாய்ந்தால் அடுத்த மரத்தில் கீழே எங்கோதான் போய் ஒட்டும்; மறுபடி உச்சிவரை ஏறினால்தான் அடுத்த பாய்ச்சல். ஆகவே உயர்ந்த மரமும், எட்டும் தொலைவில் இன்னொரு மரமும் இருந்தாக வேண்டும். நடுவில் லாரிப் பாதை போட்டுவிட்டால் அந்த வழி அறுந்துபோகும்.

காட்டை மொட்டையடிக்கப் போவதில்லை, பெரிய மரங்களை மட்டும் பார்த்து வெட்டுவோம் என்பது இத்தகைய உரிமங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். எனக்கு அச்சம் தருவதே அதுதான். முற்றிய பெருமரத்தில்தான் பொந்து விழுகிறது. பகல் முழுக்க ஒடுங்கிக்கிடக்க இந்த அணிலுக்கு வேண்டியதும் பொந்து. முதலில் சாய்வதும் அதே மரம்.

பக்கத்துத் தீவான சிபெருத்தில் 1993-இல் 1,90,500 ஹெக்டேரில் தேசியப் பூங்கா அமைத்தீர்கள். அது பெரிய காரியம், மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் சிபோராவின் அணில் கடல் தாண்டி அங்கே போய்ச் சேராது.

அதே காட்டில் விடிகாலையில் பாடும் பீலோ என்ற வாலில்லாக் குரங்கைப் பற்றியாவது ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த அணிலோ இரவில் மட்டும் வெளிவரும் பிராணி. பகலில் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்து எழுதும் சுற்றுச்சூழல் அறிக்கையில் அது எப்படி இடம்பெறும்?

அந்தக் காடு யாருமற்றதும் அல்ல. மெந்தாவாய் மக்களின் ஊமா குலங்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவரும் நிலம் அது. மரபுக் காடு அரசுக் காடு ஆகாது என்று உங்கள் நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே 2013-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அந்த உரிமத்தைத் தராதீர்கள். இதுவரை கொடுத்த ஒப்புதல்களையும் திரும்பப் பெறுங்கள். குலங்களின் காட்டுரிமையை எழுத்தில் உறுதி செய்யுங்கள். அந்த ஊர்க்காரர்களையே உடன் அழைத்துக்கொண்டு, சிபோராவின் காட்டில் இரவுநேரக் கணக்கெடுப்பு நடத்துங்கள். அது முடியும்வரை ஒரு மரத்திலும் ரம்பம் படக்கூடாது.

மிகுந்த கவலையோடும் நம்பிக்கையோடும்,
தமிழ் பேசும் காட்டு ஆர்வலர் ஒருவர்