இந்தத் தடவை நீ விளையாடு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் போகும் உங்கள் விளையாட்டை இதுவரை நீதான் நடத்தினாய். அடுத்த கேம்பெயினை, அதாவது பல நாள் தொடரும் அடுத்த கதையை, குழுவில் ஒருவர் தானே நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார் என்று போனில் சொன்னாய். நல்ல செய்திதானே என்று நான் வாய் திறப்பதற்குள், "நான் அங்கே சும்மா உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன்?" என்று கேட்டுவிட்டாய். அதற்கு நிதானமாகப் பதில் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

சும்மா உட்காருவது என்று உனக்கு ஏன் தோன்றுகிறது என்பது புரிகிறது. கதையை நடத்துகிற கேம் மாஸ்டருக்கு ஓய்வே கிடையாது. கடைக்காரன், காவல்காரன், குகைக்குள் காத்திருக்கும் பூதம் என்று எல்லோருக்கும் நீதான் பேச வேண்டும். மேஜையில் யார் என்ன சொன்னாலும் அடுத்து எல்லோரும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பழகிவிட்டால் அதை விட மனசு வராது.

விளையாடுகிறவர் நிலைமை வேறு. ஐந்து பேர் இருக்கும் குழுவுக்கு ஒரு சண்டை வருகிறது என்று வைத்துக்கொள். ஆளுக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டால்கூட, மற்ற நால்வரும் முடித்து, பூதங்களின் முறையும் முடிந்து, உன்னிடம் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆகிவிடும். ஆவலோடு இருபது முகப் பகடையை உருட்டுகிறாய். நான்கு விழுகிறது. வாள் படவில்லை. மறுபடியும் கால் மணி நேரம் காத்திரு. நடத்துகிறவருக்கு அதே கால் மணி நேரம் போன இடம் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு முறையிலும் அவருக்கு வேலை இருக்கிறது. இந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளம் என்பது அதில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். நீ அதில் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. நீ ஒரு கதவை விவரிக்கும்போது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். "இரும்புக் கதவு, கீல்களில் துரு" என்று சொல்லிவிட்டு நகரப் பார்ப்பாய். எதிரே இருப்பவர்களுக்கு அந்தத் துருதான் எல்லாம். பல வருஷமாக யாரும் திறக்கவில்லை போலிருக்கிறது, அப்படியானால் உள்ளே எதையோ அடைத்து வைத்திருக்கிறார்கள், தொடலாமா வேண்டாமா என்று ஆளாளுக்குக் கிளம்புவார்கள். நடத்துகிறவருக்கு அது நேரம் போவதாகத் தெரியும். எனக்கு இந்த விளையாட்டிலேயே அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. ஒன்றும் தெரியாமல் நாலு பேர் தலையைச் சேர்த்து யோசிப்பது நடத்துகிறவருக்குக் கிடைக்கவே கிடைக்காத சுகம். அது உனக்கு மறுபடி கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்த விளையாட்டு பிறந்த கதையே இடம் மாறி உட்கார்ந்தவர்களின் கதைதான். டேவிட் வெஸ்லி நடத்திய பிரௌன்ஸ்டைன் என்ற ஆட்டங்களில் விளையாடிய டேவ் ஆர்னசன், அப்புறம் பிளாக்மூர் என்ற தன் உலகத்தை நடத்தத் தொடங்கினார். 1972-இல் கேரி கைகாக்ஸ் அந்தப் பிளாக்மூரில் விளையாடிப் பார்த்தார். அந்த உற்சாகத்தில் தன் வீட்டிலேயே கிரேஹாக் என்ற தன் உலகத்தை நடத்தினார். அதற்குள் முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகள் எர்னியும் எலிஸும். 1974-இல் கைகாக்ஸ், ஆர்னசன் இருவர் பெயரிலும் இந்த விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று வெளிவந்தது. கைகாக்ஸ் நடத்துவதோடு நின்றுவிடவும் இல்லை. தன் குழுவில் இருந்த ராப் கன்ட்ஸ் நடத்தும்போது, மோர்டென்கைனன் என்ற மந்திரவாதியாக அவரே விளையாடினார். தான் உருவாக்கிய விளையாட்டில், தன்னைவிட ரொம்பச் சின்னவர் ஒருவர் மேஜையில், அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் உட்கார அவருக்கு மனசு இருந்தது.

நடத்துகிறவரே இல்லாத ஃபியாஸ்கோ மாதிரி விளையாட்டுகளும் வந்துவிட்டன. உங்கள் குழுவுக்கு நீண்ட கேம்பெயின்தான் பிடிக்கும் என்பதால் அந்தப் பேச்சை விடுகிறேன்.

சரி, போய் உட்கார்ந்தபின் என்ன செய்வது? உனக்கு வரப்போகும் சிரமம் ட்ரோல் என்ற பூதத்தில் தொடங்கும் என்று நினைக்கிறேன். வெட்டிய காயம் கண் முன்னால் மூடிக்கொள்ளும், நெருப்போ அமிலமோ பட்டால்தான் அது நிற்கும் என்று உனக்கு மனப்பாடம். உன் கேரக்டருக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் புதியவர் மூன்று முறை வெட்டிவிட்டுத் திகைத்து நிற்கும்போது, தீப்பந்தம் என்ற சொல் உன் நாக்கு நுனிவரை வரும். அடக்கிக்கொள். அதை அவரே கண்டுபிடித்துத் துள்ளுவதைப் பார்க்க உனக்கு இரண்டு நிமிடப் பொறுமை போதும். விதியில் நடத்துகிறவர் தடுமாறினாலும் அப்படித்தான். அவர் உன்னைக் கேட்டால் சொல். கேட்காவிட்டால் ஆட்டம் முடிந்தபின் தனியாகச் சொல்.

நடத்திய அனுபவம் வேறு இடத்தில் கைகொடுக்கும். ஊர்ப் பெரியவர் பழைய சுரங்கத்தைப் பற்றிக் கவலையோடு பேச ஆரம்பித்தால், நடத்துகிறவர் தயார் செய்திருப்பது சுரங்கத்தைத்தான் என்று உனக்கு உடனே தெரிந்துவிடும். "நமக்கெதற்கு வம்பு" என்று யாராவது இழுப்பதற்குள், உன் கேரக்டர் சுரங்கத்துக்கு வழி கேட்கட்டும். முதல் தடவை நடத்துகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. அதே மாதிரி, வாய் திறக்காமல் இருக்கும் ஆட்டக்காரர் பக்கம் திரும்பி, உன் கேரக்டராகவே, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேள். நடத்துகிறவர் கேட்டால் அது பரீட்சை மாதிரி ஆகிவிடும். சக பயணி கேட்டால் பேச்சு வரும்.

கேரக்டர் விஷயத்தில் ஒரு யோசனை. முதல் கேம்பெயினுக்கு மந்திரவாதி வேண்டாம். உனக்கு எல்லா மந்திரமும் தெரியும், ஒவ்வொரு முறையும் எது உசத்தி என்று யோசிப்பாய், மற்றவர்கள் காத்திருப்பார்கள். நேராகப் போய் அடிக்கிற போர்வீரன் எடு. முன்கதையும் நாலு வரி போதும், மீதி மேஜையில் வளரட்டும். நீ எந்தக் கேரக்டர் எடுத்தாய், என்ன பெயர் வைத்தாய் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா