கெண்டைமீன் கொடியும் ஜப்பானிய வகுப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். மே 5 ஜப்பானில் குழந்தைகள் தினம். கம்பத்தில் கெண்டைமீன் கொடி பறக்கும். காகிதத்தில் அதைச் செய்யட்டும். பெரிய கறுப்பு மீன் அப்பா, சிவப்பு அம்மா, சின்ன நீலம் பிள்ளை. பசை காய்வதற்குள் குரோ, ஆகா, ஆவோ என்று நிறங்கள் வாயில் வந்துவிடும். அப்புறம் ஜூலை 7 தானாபாத்தா விழா. வண்ணச் சீட்டில் ஆசையை எழுதி மூங்கில் கிளையில் கட்டுவார்கள். சொந்த ஆசை என்றால் ஹிராகனா என்ற ஜப்பானிய எழுத்துகளை எழுதப் பிள்ளைக்குச் சலிக்குமா? ஒன்று மட்டும், அச்சடித்த படத்துக்கு வண்ணம் தீட்டவைத்துவிட்டு அதற்கும் தனிக் கட்டணம் கேட்காதீர்கள்.

- ஒரு வாசகர், சென்னை