சதுப்பு நிலத்தை நிரப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பு வாவிக் கரையோரப் பள்ளக் காணிகளில் டிப்பர் டிப்பராகக் கிரவல் கொட்டப்படுவதைப் பார்க்கும்போது, நீர்கொழும்புப் பக்கம் உள்ள முத்துராஜவெல சதுப்பு நிலம்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் அது நெல் விளைந்த பூமி. பின்னாளில் வெட்டிய கால்வாய் வழியே உப்புநீர் ஏறி வயல் கெட்டது. அப்புறம் தெற்குப் பகுதியில் மணல் கொட்டி நிரப்பினார்கள். வடபகுதி 1996 இல் சரணாலயமானது, அந்த மட்டில் ஆறுதல்.

அங்கே தரைக்கடியில் இருப்பது வெறும் சேறு அல்ல. தண்ணீருக்குள் கிடந்து முழுதாக உக்காத செடிகொடிகள் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்த மண். பஞ்சு மாதிரி மழைநீரைக் குடித்து வைத்திருக்கும். வடித்துக் காயவிட்டால் காற்றுப் பட்டு உக்கி, நிலமே தாழ்ந்து போகும். மேலே கட்டிய சுவர் வெடிக்கும்.

எங்கள் வாவிக்கரை மண் வேறுதான், ஆனால் வெள்ளத்தைத் தாங்கும் வேலை ஒன்றே. 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பள்ளங்களையும் கண்டல்களையும் மூடினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? மிஞ்சியிருக்கும் பள்ளக் காணிகளுக்கு எல்லைக்கல் நட்டு, இந்த மாரிக்கு முன்னரே நிரப்புவதை நிறுத்த வேண்டும்.

வாவிக்கரை வாசகர்,
மட்டக்களப்பு