சத்துணவுக் கூடத்து அக்காவுக்கு

அக்கா,

பள்ளியில் விழுந்து, முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து எங்கள் மருத்துவமனைக்கு வந்த பாப்பாவின் மணிக்கட்டில் நாடி திரும்பிவிட்டது. விரல்களில் சூடு இருக்கிறது. நடந்தது பள்ளிக்கும் ஊருக்கும் தெரியும், அதை இங்கே எழுதப்போவதில்லை. வண்டி கிளம்புவதற்கு முன்பு நீங்கள் செய்த காரியங்களின் மதிப்பு உங்களுக்கே முழுதாகத் தெரிந்திருக்காது என்பதால் இந்த மடல்.

முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு தட்டையாக மெலிந்திருக்கும். ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் கையூன்றி விழுந்தால் முழங்கைப் பக்கத்தில் பெரும்பாலும் முறிவது அந்த இடம்தான். முறிவு முழுதாக விலகிவிட்டால் மேல்துண்டின் கூர்முனை முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியும் முக்கியமான நரம்பும் அதை ஒட்டியே ஓடுகின்றன. அந்த நேரத்தில் கையை இழுத்து நேராக்குவதும் ஆபத்து, மடக்கிக் கழுத்தில் தூளி கட்டுவதும் ஆபத்து. தூளிதான் எவருக்கும் சட்டென்று தோன்றும். வீங்கிய முழங்கையை மடக்க மடக்கத் தமனி நெரிபடும்.

நீங்கள் மடக்கவுமில்லை, நீட்டவுமில்லை. லேசாக வளைந்திருந்த கையை அப்படியே விட்டு, மேற்கையிலிருந்து உள்ளங்கை வரை எட்டும்படி இரண்டு நீள நோட்டுகளை அடியில் கொடுத்து, உங்கள் துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தீர்கள். முழங்கைக்கு மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு, மூட்டின்மேல் எதுவும் இல்லை. கட்டுக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைந்தது. வளையலையும் கறுப்புக் கயிற்றையும் வீக்கம் வருமுன்பே கழற்றியிருந்தீர்கள். விரல் நுனிகள் ஐந்தும் வெளியே தெரிந்தன.

அதோடு அந்தச் சீட்டு. ரேஷன் கணக்கு எழுதும் தாளின் பின்பக்கத்தில்: ‘விழுந்தது 11.20. காலையில் 8.30க்கு உப்புமா. அப்புறம் ஒண்ணும் கொடுக்கல, தண்ணி கேட்டுச்சு, கொடுக்கல. நகம் ரோஸ் கலர், விரல் சூடு. 11.40க்குப் பாத்தேன், அதே மாதிரி.’

மயக்க மருந்து கொடுப்பவருக்கு இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது. திட உணவுக்குப் பின் 6 மணி நேரம் காத்திருப்பது வழக்கம். ஆனால் அடிபட்ட வலியிலும் பயத்திலும் குழந்தையின் இரைப்பை மந்தமாகிவிடும். அதனால் சாப்பிட்ட நேரம் மட்டும் போதாது, விழுந்த நேரமும் வேண்டும். அழுகிற பிள்ளைக்குச் சோடாவோ பிஸ்கட்டோ கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டு, கேட்டால் ‘ஒன்றும் கொடுக்கவில்லை’ என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். தண்ணீர் கேட்ட குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பது லேசான காரியமில்லை, அக்கா.

நகத்தின் நிறம் இன்னும் பெரிய செய்தி. வந்தபோது நாடி கிடைக்கவில்லை. நாடி இல்லாமல் கையும் வெளிறிச் சில்லிட்டிருந்தால் தமனியையே திறந்து பார்க்க வேண்டி வரக்கூடிய அவசரம். நாடி இல்லாவிட்டாலும் கை ரோஜா நிறமாக, சூடாக இருந்தால் முதலில் எலும்பை இடத்தில் சேர்த்துவிட்டுப் பார்க்கலாம். மடங்கிக் கிடக்கும் தமனி பல நேரம் அப்போதே விடுபடும். தொடக்கத்திலிருந்து நிறம் மாறவே இல்லை என்பது உங்கள் சீட்டால் தெரிந்தது. எலும்பைச் சேர்த்து, வெளிப்பக்கத்திலிருந்து 1.6 மில்லிமீட்டர் கம்பிகள் இரண்டை, முறிவுக் கோட்டில் ஒன்றுக்கொன்று நன்றாக விலகி நிற்கும்படி செலுத்தியாயிற்று. உள்பக்கக் கம்பி தேவைப்படவில்லை. அங்கே ஓடும் நரம்பில், முழங்கை இடித்தால் சுரீரென்று இழுக்குமே அதில், கம்பி பட்டுவிடக்கூடும்.

108 வண்டியில் வந்தவர்கள், ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைத்திருந்த செவிலியர்கள், ஆபரேஷனின்போதே எலும்பைக் காட்டும் எக்ஸ்ரே கருவியான சி-ஆர்மை இயக்கியவர், பாப்பாவின் அப்பாவுக்கு ஒரு வாய் சோறு வாங்கிவந்த பக்கத்துப் படுக்கைக்காரர், எல்லாருக்கும் கைகூப்பு.

இந்த முறிவில் நாங்கள் அஞ்சுவது எலும்பை அல்ல. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிப் போட்ட கட்டோ, வீக்கத்துக்கு இடம்விடாத மாவுக்கட்டோ முன்கைத் தசையை உள்ளேயே நெரிக்கும். சில மணி நேரத்தில் தசை செத்து, விரல்கள் கொக்கிபோல் சுருங்கிவிடும். 1881இலேயே ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் எழுதிவைத்த ஊனம் இது, இன்றும் வருகிறது. குழந்தை ‘இறுக்குது’ என்று சொல்லத் தெரியாமல் நிலைகொள்ளாமல் அழும், வலி மருந்து கொடுக்கக் கொடுக்கப் போதாமல் போகும். அதுவே எச்சரிக்கை. அழுகையை அடக்கப் பார்க்காமல் கட்டைத் தளர்த்த வேண்டும்.

இனி இந்த வார்டிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையோடும் அதன் பள்ளிக்கு ஒரு தாள் போகும். அதில் உங்கள் சீட்டின் அதே வரிசை இருக்கும்: விழுந்த நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, நகத்தின் நிறம், மறுபடி பார்த்த நேரம்.

பாப்பாவிடம் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொன்னோம். வட்டம் இன்னும் சரியாக வரவில்லை, நுனிகள் தட்டையாக ஒட்டுகின்றன. நரம்பு நசுங்கியதால் வந்தது, பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகும். மூன்று நான்கு வாரத்தில் கம்பியை எடுப்போம். அதன்பின் முழங்கை கொஞ்சநாள் விறைப்பாக இருக்கும். யாரும் எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டாம் என்று வீட்டாரிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் பேச்சைக் கேட்பார்கள். விளையாட விட்டாலே கை நீண்டுவிடும்.

நோட்டுகள் இரண்டையும் பாப்பாவின் பையில் வைத்துவிட்டோம். சீட்டு கேஸ் ஷீட்டோடு இருக்கிறது, அதை மட்டும் திருப்பித் தரமாட்டோம்.